முதல் நீராவி எஞ்சின் மாடல்: ஸ்காட்ஸ்மேனா, டபிள்யூ.பி.யா, மேட்டுப்பாளையத்து எஞ்சினா?

கையில் இருக்கும் பணத்துக்கு ஒரே ஒரு எஞ்சின்தான் வாங்க முடியும். ஷோகேஸில் காலியாக இருப்பது ஒரு தட்டு. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் நீராவி எஞ்சின் மாடல் சேர்க்க ஆரம்பிக்கிற யாரும் முதலில் வந்து நிற்கிற இடம் இதுதான். எதிரில் மூன்று வழிகள் தெரியும். இங்கிலாந்தின் புகழ்பெற்ற எஞ்சினான ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன் போன்ற ஒன்றை, இங்கிலாந்திலோ ஜெர்மனியிலோ பெயர்பெற்ற கம்பெனி தயாரித்த மாடலாகத் தருவித்துக்கொள்ளலாம். நம் நாட்டு பிராட்கேஜ் (அகலப்பாதை) எஞ்சினான டபிள்யூ.பி.யைச் சிறு அளவில் செய்து தருபவர்களிடம் வாங்கலாம். அல்லது நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகுப்பு எஞ்சினைச் செய்விக்கலாம். பளபளப்பு, விலை, கிடைக்கும் வசதி என்று பார்த்தால் முதல் வழிதான் முன்னால் நிற்கும். அசலோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை அளவுகோலாக வைத்தால் வரிசை தலைகீழாகிவிடும் என்பது என் கட்சி.

அசலோடு ஒத்துப்போவது என்றால் எந்த அசலோடு என்று முதலில் கேட்க வேண்டும். ஒரு நீராவி எஞ்சின் நாற்பது, ஐம்பது வருஷம் ஓடும். அதற்குள் பாய்லர் மாறும், புகைபோக்கி மாறும், நிறமும் எண்ணும் மாறும். ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1923இல் டான்காஸ்டரில் கட்டியபோது அதன் எண் 1472. 1924இல் 4472 ஆனது. 1928இல் லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு இடையில் நிற்காமல் ஓட வேண்டி வந்தபோது, டிரைவர்கள் பாதி வழியில் மாறிக்கொள்ள நடைபாதை உள்ள டெண்டரை, அதாவது எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் வண்டியை, மாட்டினார்கள். 1947இல் ஏ3 வகையாக மாற்றிக் கட்டினார்கள். பிறகு எண் 60103 ஆயிற்று, புகைபோக்கி இரட்டையாயிற்று, 1961இல் இரு பக்கமும் புகைத்தடுப்புத் தகடுகள் ஏறின. ஆகவே 'ஸ்காட்ஸ்மேன் மாடல்' என்று ஒன்று கிடையாது. 1928ஆம் வருஷத்து ஸ்காட்ஸ்மேன் உண்டு, 1962ஆம் வருஷத்து ஸ்காட்ஸ்மேன் உண்டு. முந்தியதன் எண்ணை ஒட்டிப் பிந்தியதன் புகைபோக்கியை வைத்தால் அப்படி ஒரு எஞ்சின் அந்த நாளில் உலகத்திலேயே ஓடவில்லை. வாங்குமுன் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது எந்த எண், எந்த வருஷம் என்பதே. பதில் சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம் பேரம் பேசிப் பயனில்லை.

இரண்டாவது, பெரிய அளவுகள். இந்தப் பொழுதுபோக்கில், தகட்டை இணைக்கும் ஆணி வரை ஒவ்வொன்றையும் சரிபார்க்கிற, ரிவெட் எண்ணுகிறவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. அவர்களை நான் மதிக்கிறேன், ஆனால் ரிவெட் கடைசியில் வரட்டும். சக்கரத்தின் விட்டம், சக்கரங்களுக்கு இடையிலுள்ள தூரம், தண்டவாளத்திலிருந்து பாய்லரின் மையம் எவ்வளவு உயரம், எஞ்சினுக்கும் டெண்டருக்கும் இடைவெளி எவ்வளவு: இந்த நாலும் சரியாக இருந்தால் மாடல் பத்தடி தள்ளி நின்று பார்க்கும்போதே அசலாகத் தெரியும். இவை தப்பிவிட்டால் ஆயிரம் ரிவெட் வைத்தாலும் பொம்மைதான். கோவைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி. நுண்ணளவு எடுக்கும் வெர்னியர் இல்லாத பட்டறை இந்த ஊரில் இல்லை, அதைப் பிடிக்கத் தெரிந்த ஒருவர் சொந்தத்தில் இல்லாத வீடும் அரிது. ஸ்காட்ஸ்மேனின் பெரிய சக்கரம் 6 அடி 8 அங்குலம், அதாவது 2032 மி.மீ. பிரிட்டிஷ் மாடல்களின் ஓ.ஓ. அளவில், 76.2இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 26.7 மி.மீ. வரவேண்டும். பெட்டியைப் பிரித்ததும் வெர்னியரை வைத்துப் பார்க்கலாம். சக்கர விளிம்பின் உதடு மாடலில் எப்போதும் கொஞ்சம் ஆழமாக இருக்கும், தடம் புரளாமல் ஓட அது வேண்டும். அதைச் சேர்க்காமல் ஓடும் பரப்பை மட்டும் அளக்க வேண்டும்.

மூன்றாவதுதான் எல்லோரும் சறுக்கும் இடம்: தண்டவாள அகலம். உலகத்தில் அதிகம் விற்கும் மாடல் தண்டவாளம் 16.5 மி.மீ. அகலமுள்ளது. ஐரோப்பிய எச்.ஓ. அளவு 87இல் ஒரு பங்கு. அங்குள்ள அசல் பாதை 1435 மி.மீ.; வகுத்தால் 16.5 சரியாக வரும். பிரிட்டிஷ் ஓ.ஓ. அளவோ 76.2இல் ஒரு பங்கு. அதற்கு 18.83 மி.மீ. பாதை வேண்டும், ஆனால் அதே 16.5இல்தான் ஓடுகிறது. பிரிட்டிஷ் எஞ்சின்கள் உருவில் சிறியவை. அந்தக் காலத்து மோட்டார் எச்.ஓ. அளவு உடம்புக்குள் அடங்கவில்லை, அதனால் உடம்பை மட்டும் பெரிதாக்கிப் பாதையை அப்படியே விட்டுவிட்டார்கள். ஆக இருநூறு பவுண்டுக்கு மேல் கொடுத்து, சுங்கமும் கூரியரும் கட்டி வரவழைக்கிற ஸ்காட்ஸ்மேனும் முன்னாலிருந்து பார்த்தால் இரண்டே கால் மி.மீ.க்கு மேல் குறுகியதுதான். பக்கவாட்டில் வைத்தால் தெரியாது. ஷோகேஸில் எல்லோரும் பக்கவாட்டிலேயே வைப்பதால் இந்தக் கதை எண்பது வருஷத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது டபிள்யூ.பி.க்கு வருவோம். நம் நாட்டு பிராட்கேஜ் 1676 மி.மீ. எச்.ஓ. அளவில் அதற்கு 19.3 மி.மீ. பாதை வேண்டும், ஓ.ஓ. அளவில் 22 மி.மீ. கடையில் கிடைப்பதோ 16.5. ஓ.ஓ. அளவு டபிள்யூ.பி.யை அதில் நிறுத்தினால் அகலத்தில் கால் பங்கு காணாமல் போகிறது. வாட்டசாட்டமான ஆளுக்குக் குழந்தைச் செருப்பு மாட்டிய மாதிரி இருக்கும். அதுவும் டபிள்யூ.பி. முன்பக்கமாகப் பார்த்து ரசிக்க வேண்டிய எஞ்சின். துப்பாக்கிக் குண்டு போலக் கூம்பிய மூக்கு, அதன் மேல் நட்சத்திரம், இரு பக்கமும் இறங்கும் ஓரத்தகடு எல்லாமே முகத்துக்காகச் செய்தவை. அந்த முகத்தின் கீழே பாதை ஒடுங்கியிருந்தால் என் கண்ணுக்கு ஒப்பவில்லை.

இருந்தாலும் டபிள்யூ.பி.யைத் தள்ளிவிட மனசு வராது. ஈரோடு சந்திப்பிலும் போத்தனூரிலும் பிராட்கேஜ் நீராவியைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. 1947இல் அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனியிலிருந்து முதல் வண்டிகள் வந்தன. பிறகு கனடா, போலந்து, ஆஸ்திரியா, கடைசியில் நம் சித்தரஞ்சன் என்று 1967 வரை 755 எஞ்சின்கள் கட்டினார்கள். இந்த எண்ணிக்கைதான் மாடல் செய்பவருக்குத் தலைவலி. கட்டிய கம்பெனிக்குக் கம்பெனி சின்னச் சின்ன வேறுபாடு. அதற்கு மேல் எஞ்சின்களைப் பராமரிக்கும் ஒவ்வொரு ஷெட்டும் தன் இஷ்டத்துக்கு நட்சத்திரமும் பித்தளைப் பட்டையும் வைத்து அலங்கரித்தது. ஆக ஒரு குறிப்பிட்ட எண்ணின் புகைப்படம் இல்லாமல் டபிள்யூ.பி. மாடலைச் சரி என்றோ தப்பு என்றோ தீர்ப்புச் சொல்ல முடியாது. முதல் எஞ்சினான 7200 டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 'அக்பர்' என்ற 7161 ஹரியானாவின் ரேவாரியில் இருக்கிறது. இரண்டுமே நமக்கு இரண்டு நாள் பயணம். முதலாவது முன்மாதிரியாக வந்த வண்டி, அதை வைத்துச் சித்தரஞ்சன் எஞ்சினை அளக்கவும் கூடாது.

டபிள்யூ.பி.தான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால் ஒரு வழி உண்டு. ஓட்டுவதை மறந்துவிடுங்கள். எச்.ஓ. அளவில் 19.3 மி.மீ. பாதைத்துண்டு ஒன்றைக் கையால் போட்டு, அச்சுகளை அதற்கேற்ப நீட்டச் சொல்லி, காட்சிப்பொருளாக வையுங்கள். சக்கரம் 5 அடி 7 அங்குலம், 19.6 மி.மீ. வரவேண்டும். ஐரோப்பிய எஞ்சினின் அடிச்சட்டத்தை எடுத்து அதன் மேல் முப்பரிமாண அச்சில் எடுத்த டபிள்யூ.பி. உடம்பை மாட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். அதில் இந்தச் சக்கர அளவுதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துக்காரர்களின் நினைவு 1000 மி.மீ. அகலமுள்ள மீட்டர்கேஜ். அதன் ஒய்.பி., ஒய்.ஜி. வகை எஞ்சின்களை 12 மி.மீ. பாதையில், எச்.ஓ. அளவில் செய்யலாம், அகலம் கிட்டத்தட்டப் பொருந்தும். ஆனால் அந்தத் தடத்தில் மீட்டர்கேஜ் தண்டவாளமே இன்று இல்லை, அகலப்பாதை ஆகிவிட்டது. அளந்து பார்க்க எஞ்சினைத் தேடி மறுபடியும் அருங்காட்சியகங்களுக்குத்தான் போகவேண்டும்.

எக்ஸ் வகுப்பு அப்படியில்லை. காலை ஏழு மணிக்கு முன்னால் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் போய் நின்றால் மூச்சு விட்டுக்கொண்டு எதிரில் நிற்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே என் ஓட்டு அதற்கு. மாடலும் அசலும் ஒரே நாளில், ஒரே கண்ணில் படுவது வேறு எந்த நீராவி எஞ்சினிலும் நமக்கு வாய்க்காது. இங்கிலாந்தில் இருப்பவருக்கு ஸ்காட்ஸ்மேன் வாய்த்தது போல நமக்கு இது.

எஞ்சினும் சாதாரண எஞ்சின் அல்ல. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்து எஸ்.எல்.எம். கம்பெனி 1914 முதல் 1952 வரை கட்டித் தந்தது. இணைந்த நாலு ஜோடிச் சக்கரம், பின்னால் ஒரு ஜோடி, பக்கவாட்டில் தண்ணீர்த் தொட்டி. கல்லாறு தாண்டியதும் 12க்கு 1 என்ற ஏற்றம். அங்கிருந்து குன்னூர் வரை இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே, எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏறுவதற்காக, ஆப்ட் முறைப் பல்தண்டவாளம் போகிறது. அதற்காகவே எஞ்சினுக்கு நாலு சிலிண்டர். கீழே இருப்பவை சாதாரணச் சக்கரத்தை ஓட்டும், மேலே இருப்பவை பல்சக்கரத்தை ஓட்டும். நீராவி முதலில் கீழ்ச் சிலிண்டரில் அழுத்தத்தோடு வேலை செய்துவிட்டு, மிச்ச அழுத்தத்தோடு மேல் சிலிண்டருக்குப் போய் அங்கேயும் வேலை செய்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரைக்கும் பல் இல்லை. அதனால் சிலிண்டரிலிருந்து சக்கரத்தை ஓட்டும் கம்பிகளில் மேல்வரிசை சும்மா நிற்கும், கீழ்வரிசை மட்டும் ஓடும். பல்தண்டவாளம் ஏறியதும் மேல்வரிசையும் உயிர் பெற்று, கீழுள்ளதோடு ஒத்துப்போகாத வேகத்தில் தனியாக ஆடும்.

எக்ஸ் மாடலை எடைபோட இதைவிட நல்ல சோதனை கிடையாது. சமதளப் பாதையில் மாடலை உருட்டிப் பாருங்கள். மேலும் கீழும் சேர்ந்தே ஆடினால் செய்தவர் எஞ்சினைப் புகைப்படத்தில் மட்டும் பார்த்தவர். மேல்வரிசையை அசையாமல் ஒட்டிவைத்திருந்தால்கூட மன்னிக்கலாம். கல்லாறுக்கு முன்னால் ஓடும் எஞ்சின் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டும் தனித்தனியாக ஓடுகிற மாதிரி ஒருவர் செய்து கொடுத்தால், கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இங்கே ஒரு குறுக்கு வழி ஆசை காட்டும். அதே எஸ்.எல்.எம். கம்பெனி, அதே மீட்டர்கேஜ், அதே ஆப்ட் பல், அதே நாலு சிலிண்டர் முறையில் ஸ்விஸ் ஃபூர்கா பாதைக்கு 1913, 1914இல் எச்.ஜி. 3/4 என்ற எஞ்சினைக் கட்டியது. அவற்றில் சில 1947இல் வியட்நாம் மலைப்பாதைக்கு விற்கப்பட்டு, 1990இல் திரும்ப ஸ்விட்சர்லாந்துக்கே போய்ச் சேர்ந்தன என்பது தனிக்கதை. இதன் மாடலை பெமோ கம்பெனி 12 மி.மீ. பாதைக்கும், எல்.ஜி.பி. கம்பெனி 45 மி.மீ. பாதைக்கும் தயாரித்திருக்கின்றன. செய்வேலை அபாரம். அதை வாங்கி நீல நிறம் அடித்தால் நம்ம ஊட்டி எஞ்சின் ஆகிவிடாதா என்று யாருக்கும் தோன்றும். ஆகாது. பெயரிலேயே இருக்கிறது: நாலு அச்சில் மூன்று இயங்கும். முன்னால் ஒரு சின்னச் சக்கரம், பிறகு மூன்று ஜோடி. நம்முடையதற்கு முன்னால் சின்னச் சக்கரமே கிடையாது. இயங்குவது நாலு ஜோடி, சின்னது பின்னால். சித்தப்பா மகனைக் காட்டி அண்ணன் என்று சொல்வதற்குச் சமம். பெமோ எஞ்சினை ஸ்விஸ் எஞ்சினாகவே வாங்கி, அதன் சொந்த நிறத்திலேயே வைத்தால், எக்ஸின் உறவுக்காரர் என்று பக்கத்தில் அழகாக நிற்கும். இரண்டாவது எஞ்சினுக்கு அதைச் சிபாரிசு செய்வேன்.

அப்படியானால் எக்ஸை எந்த அளவில் செய்விப்பது? 1000 மி.மீ. பாதையை 87ஆல் வகுத்தால் 11.5, கடையில் கிடைக்கும் 12 மி.மீ. பாதையில் அரை மி.மீ. அகலம் கூடுதல், கண்ணுக்குத் தெரியாது. 22.5ஆல் வகுத்தால் 44.4; 45 மி.மீ. பாதை கிட்டத்தட்ட அச்சு அசல். வித்தியாசம் உருவத்தில்தான். அசலில் பத்து மீட்டர் நீளமுள்ள ஒரு எஞ்சின் முதல் அளவில் பதினொன்றரை செ.மீ., இரண்டாவதில் நாற்பத்துநாலு செ.மீ. சின்னது ஷோகேஸில் அடங்கும், ஆனால் அந்த இரட்டை வரிசைக் கம்பிகளை அந்த நுணுக்கத்தில் தனித்தனியாக ஓட்டுவது கைதேர்ந்தவருக்கே சவால். பெரியதில் எல்லாம் ஓடும், தட்டு முழுக்க அதுவே பிடித்துக்கொள்ளும். நான் பெரியதையே சொல்வேன். எக்ஸின் உயிர் அந்தக் கம்பிகளில் இருக்கிறது, அவை தெரியாத அளவில் வாங்குவதில் அர்த்தமில்லை.

நிஜ நீராவியில் ஓடும் மாடலும் உண்டு. மாமோட் கம்பெனியின் பொம்மை நீராவி எஞ்சின் போன்றவற்றின் ஊசலாடும் சிலிண்டரைப் பார்க்கக் குதூகலமாக இருக்கும். அசலோடு ஒப்பிட எதுவும் இல்லை. அது வேறு ஆசை.

செய்விக்கும் விஷயத்தில் கொங்கு நாட்டுக்கு இருக்கும் பலம் பலருக்கு உறைப்பதில்லை. பம்புக்கும் கிரைண்டருக்கும் வார்ப்படம் போடுகிற ஊர், நகைப் பட்டறை நிறைந்த ஊர். புகைபோக்கி, பாய்லர் மேலுள்ள குமிழான டோம், சிலிண்டர் முகப்பு போன்ற சின்ன உருப்படிகளை மெழுகில் அச்செடுத்துப் பித்தளையில் வார்க்க நகை காஸ்டிங் செய்பவர்களே போதும். தொட்டித் தகட்டை லேசரில் வெட்டலாம், சக்கரத்தை லேத்தில் கடையலாம். ஒன்றை மட்டும் முன்கூட்டிப் பேசிக்கொள்ள வேண்டும்: பித்தளை ஆறும்போது சுமார் ஒன்றரை சதவீதம் சுருங்கும். வார்ப்புக்கு மாதிரி செய்யும் பேட்டர்ன் மாஸ்டர்களுக்கு இது பால பாடம், சுருக்கம் சேர்த்த ஸ்கேலையே வைத்திருப்பார்கள். கம்ப்யூட்டரில் வரைந்து நேரே மெழுகு அச்சுக்கு அனுப்புகிற இளைஞர்கள்தான் மறந்துவிடுகிறார்கள். 100 மி.மீ. உருப்படியில் ஒன்றரை மி.மீ. குறைந்தால் தொட்டிக்கும் கேபினுக்கும் நடுவில் சந்து விழும். ஒரு பெரியவர் படத்தைப் பார்த்ததும் கேட்டார்: "ஏனுங் தம்பி, சுருக்கம் சேத்துப் போட்டீங்களா, இல்லீன்னா அப்புறமேட்டுக்கு அரம் போட்டுத் தேய்க்கோணுமாட்ட இருக்குதுங்களே?" அந்தக் கேள்வியைக் கேட்கிறவரிடமே வேலையைக் கொடுங்கள்.

அளவு எடுப்பது எப்படி என்று கேட்பீர்கள். பணிமனைக்குள் அனுமதி இல்லாமல் நுழைய முடியாது, தேவையும் இல்லை. பிளாட்பாரத்தின் கோடியிலிருந்து, முடிந்தவரை தள்ளி நின்று, ஜூமை முழுக்க இழுத்து எஞ்சினை நேர் முன்னாலிருந்து படமெடுங்கள். தள்ளி நின்றால்தான் கிட்டத்து உருப்படி பெரிதாகத் தெரியும் கோளாறு குறையும். படத்தில் இரண்டு தண்டவாளத்தின் உள்விளிம்புக்கு நடுவே உள்ள தூரம் 1000 மி.மீ. என்பது நிச்சயம். அதுவே உங்கள் ஸ்கேல். புகைபோக்கியின் உயரம், தொட்டியின் அகலம், பாய்லர் மையம் எல்லாவற்றையும் அதிலிருந்து கணக்குப் போட்டுவிடலாம். நேர் முன்னாலிருந்து எடுத்த படத்தில் தெரிந்த உயரத்தைப் பக்கவாட்டுப் படத்தில் பொருத்தினால் நீளங்களும் வந்துவிடும். பிராட்கேஜ் எஞ்சினுக்கும் இதே வழி, 1676 என்று வைத்துக்கொண்டால் சரி. பழைய கறுப்புவெள்ளைப் படத்திலிருந்துகூட எடுக்கலாம்.

எந்த நாளின் எஞ்சின் என்ற கேள்வி எக்ஸிலும் உண்டு. விண்டர்தூரில் கட்டியவை நிலக்கரியில் ஓடியவை. பிறகு எண்ணெய்க்கு மாறின. 2010களில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிய எக்ஸ் எஞ்சின்களை எண்ணெயில் ஓடும்படி கட்டினார்கள், அப்புறம் நிலக்கரி எஞ்சினும் அங்கேயே கட்டினார்கள். பொன்மலை எஞ்சினின் எண்ணை விண்டர்தூர்க் காலத்து உருவத்தில் ஒட்டினால் ஸ்காட்ஸ்மேனில் சொன்ன அதே குழப்பம். ஆகவே நீங்கள் படமெடுத்த எஞ்சினின் எண்ணை அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள், இன்னொன்றின் படத்தைக் கலக்காதீர்கள். நீலத்தின் சாயலையும் வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று என எடுத்து வையுங்கள். பெயின்ட் கடையில் ஃபோன் திரையைக் காட்டி நிறம் கலக்கச் சொன்னால் ஊதாவாக வந்து நிற்கும்.

பழைய மாடலைக் கைமாற்றி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய வார்ப்புகளில் துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துபோயிருந்தால், வருஷம் ஆக ஆக உலோகம் உப்பி, வெடித்து, பொடியாக உதிரும். ஓரத்தில் மயிரிழை விரிசலோ அடிச்சட்டத்தில் வளைவோ தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள், அதற்கு மருந்து கிடையாது. ஓட்டுகிற மாடலாக இருந்தால் நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு தொல்லை பஞ்சு. ஆலையும் பனியன் கம்பெனியும் சூழ்ந்த தெருவில் அச்சிலும் பல்லிலும் நூல் சுற்றிக்கொண்டு மோட்டார் திணறும். கண்ணாடிப் பெட்டிக்குப் பணத்தை ஒதுக்கிவிட்டு எஞ்சின் விலையைப் பேசுங்கள்.

எல்லாருக்கும் எக்ஸ்தான் என்று சொல்லவில்லை. காத்திருக்கப் பொறுமை இல்லாதவர், பட்டறைக்கும் பட்டறைக்கும் அலைய நேரமில்லாதவர், வீட்டில் சின்னக் குழந்தைகள் தரையில் ரயில் விட்டு விளையாட வேண்டும் என்று நினைப்பவர் ஸ்காட்ஸ்மேனையே வாங்கலாம். 16.5இல் ஓடும், உதிரிபாகம் கிடைக்கும், ஒடிந்தால் இன்னொன்று வரும். செய்வித்த எக்ஸை மட்டும் குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். மேல்வரிசைக் கம்பிகள் முதல் நாளே வளைந்துவிடும்.